எங்கள் வீட்டுக்கு ஐஸ் பார் வந்த நாள்

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு வியாழக்கிழமை. காலை பதினொரு மணி. எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. பின் சீட்டில், சாக்கில் சுற்றிக் கயிற்றால் கட்டிய ஒரு முழு ஐஸ் பார்.

நான்தான் வரச் சொல்லியிருந்தேன்.

அன்று நடந்ததை உடனே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வெட்கம். அதனால் இரண்டு வாரமாக வேர்க்குரு, வெயில், சீக்கிரம் புளித்துப்போகும் தோசை மாவு என்று எதையோ எழுதி ஒப்பேற்றிவிட்டேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். என் சந்தேகங்களை எல்லாம் வாரா வாரம் பொறுமையாகப் படிக்கிறவர்கள் ஆயிற்றே நீங்கள்.

முழு ஐஸ் பார் எதற்கு?

துணிக்குச் சாயம் போட.

குழந்தை பிறந்த பிறகு, போனில் வீடியோ பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பேன். அப்படி ஒரு மத்தியானம், எங்கோ ஒரு குளிர் நாட்டுப் பெண் கண்ணில் பட்டாள். அவள் வீட்டு வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு வருகிறாள். ஈரத் துணியைக் கசக்கிச் சுருட்டி ஒரு கம்பித் தட்டில் வைத்து, அதன் மேல் பனியைக் குவிக்கிறாள். பனியின் மேல் சாயப் பொடியைத் தூவுகிறாள். அவ்வளவுதான். எழுந்து போய்விடுகிறாள். பனி உருகி, சொட்டுச் சொட்டாக இறங்கி, சாயத்தை அதுவே துணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மறுநாள் அலசி விரித்தால்... ஒரு இடத்தில் இருக்கிற நிறம் இன்னொரு இடத்தில் இல்லை. மழை விட்ட சாயங்கால வானத்தைக் கசக்கிப் பிழிந்து விரித்த மாதிரி இருந்தது.

பனி இல்லாதவர்கள் ஐஸ் கட்டி போட்டுக்கொள்ளலாமாம். அடுப்பு வேண்டாம். கொதிக்க வைக்க வேண்டாம். முக்கியமாக — சத்தமே கிடையாது.

அந்தக் கடைசி விஷயம்தான் என்னைப் பிடித்து இழுத்தது. ஏனென்றால், எங்கள் வீடு சத்தம் இல்லாத வீடு.

என் கணவருக்குச் சுரங்கத்தில், எங்கள் பேச்சில் மைன்ஸில், வேலை. ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் நைட். நைட் ஷிப்ட் வாரத்தில் விடிந்த பிறகு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். குளித்து, சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுத்தால் மூன்று மணி வரை தூக்கம். அதுவரை எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்காது. மிக்ஸி ஓடாது. தட்டு, டம்ளரைக்கூடத் துண்டு விரித்துத்தான் கவிழ்ப்பேன். அவ்வளவு பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதர் அரைத் தூக்கத்தில் நிற்கக் கூடாது இல்லையா? அவர் ஒருநாளும் 'சத்தம் போடாதே' என்று சொன்னதில்லை. அது நானாகப் போட்டுக்கொண்ட சட்டம்.

என் மகள் யாழினி முதலில் கற்றுக்கொண்ட பேச்சு எது தெரியுமா? 'அம்மா' இல்லை. 'ஷ்ஷ்'. உதட்டில் விரலை வைத்துக்கொண்டு காக்காய்க்கு 'ஷ்ஷ்' சொல்வாள். கொதிக்கிற சாம்பாருக்கும் சொல்வாள்.

இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே சட்டைப் பெட்டி அட்டை ஒன்றை வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, நூல் கோத்து, வாசலில் காலிங் பெல் சுவிட்சின் மேல் தொங்கவிட்டேன். 'நைட் ஷிப்ட். தூங்குகிறார். பெல் அடிக்க வேண்டாம்.' எழுத்து அழகாக வந்திருந்தது. எனக்கே பெருமை.

அந்த அட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஈரோட்டுப் பக்கம். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. டவுன்ஷிப்புக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மரங்கள், அகலமான சாலை, கரண்ட் கட் இல்லாத வீடு — 'உனக்கென்னடி குறைச்சல்?' என்று என் சிநேகிதிகள் போனில் கேட்பார்கள். குறைச்சல் ஒன்றும் இல்லை. பேச ஆள்தான் இல்லை.

ஊரெல்லாம் வாசகர்கள், தெருவில் ஒருவர்கூட இல்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடு. சாயங்காலம் எல்லோரும் நடக்கப் போவார்கள். பார்த்தால் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதோடு சரி. போய்க் கதவைத் தட்டலாமா என்று பல நாள் நினைத்ததுண்டு. அவர்கள் வீட்டிலும் நைட் ஷிப்டாக இருந்தால்? குழந்தை தூங்கினால்? எதற்கு வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? சும்மா வந்தேன் என்றா? சும்மா ஒருவர் வீட்டுக்குப் போவது எப்படி என்பது எந்தப் பாடத்திலும் வரவில்லை.

போன வருஷம் யாழினியின் இரண்டாவது பிறந்தநாள். தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு, சாயங்கால நடையில் எதிர்ப்பட்ட எட்டு வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். 'ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வந்துடுங்க.' ஒன்றரைக் கிலோ கேக். நாற்பது சமோசா. வந்தது யார்? பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு அம்மா. அவரும் கொல்லைப் பக்கமாக எட்டிப் பார்த்து, ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மீதிக் கேக்கை நான்கு நாள் சாப்பிட்டோம். நான்காம் நாள் யாழினி கேக்கைப் பார்த்து 'ஷ்ஷ்' என்றாள்.

அதனால்தான் இந்த வருஷம் வேறு திட்டம். வாயால் அழைத்தால்தானே மறந்துபோகிறார்கள்? ஆறு மீட்டர் வெள்ளைக் காட்டன் துணி வாங்கினேன். சாயம் போட்டு, அதில் யாழினிக்கு ஒரு கவுன். மிச்சத்தில் வரிசையில் இருக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சின்ன சுருக்குப் பை. பையைக் கொடுக்கிற சாக்கில் மற்ற பதினொரு கதவையும் தட்டிவிடலாம். கையில் ஒரு பொருள் இருந்தால், எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். இந்தத் தடவையும் யாரும் வரவில்லை என்றால், குழந்தையைக் கூட்டிக்கொண்டு இந்த வருஷம் முழுக்க அம்மா வீட்டில் போய் இருந்துவிடுவது என்று மனதுக்குள் ஒரு முடிவு. அவரிடம் சொல்லவில்லை. சொல்ல நேரம்தான் வாய்ப்பதில்லையே... நான் விழித்திருக்கும்போது அவர் தூங்குகிறார்.

சாயப் பட்டறையில் வேலை பார்க்கிற என் அண்ணன் மூன்று பொட்டலம் பொடி அனுப்பிவைத்தான். நீலம், பழுப்பு, ஒரு மாம்பழ மஞ்சள். கூடவே ஒரு மெசேஜ்: 'பொடி மூக்குல போகாம பாத்துக்க. கிளவுஸ் போடு. சமையல் பாத்திரத்துல கலக்காத. பாப்பாவ பக்கத்துல விடாத.' ஏற்கெனவே பயப்படுகிறவளுக்கு இப்படி ஒரு அண்ணன்.

முதலில் ஃபிரிட்ஜ் ஐஸை வைத்து ஒரு சின்னத் துண்டுத் துணியில் ஒத்திகை பார்த்தேன். இரண்டு டிரே ஐஸ், சித்திரை வெயிலில் சீக்கிரமே தண்ணீராகிவிட்டது. நிறங்கள் பிரியவே இல்லை. சேற்றுத் தண்ணீரில் துடைத்த மாதிரி ஒரு துணி கிடைத்தது. அது போகட்டும். டிரேயை முறுக்கி ஐஸ் எடுக்கும்போது 'கடக்' என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள்... உள்ளே அவர் புரண்டு படுத்தார். நான் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றேன்.

நிதானமாக உருகும் பெரிய ஐஸ்தான் வேண்டும் என்று புரிந்தது. மார்க்கெட்டில் மீன் கடைகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் ஐஸ் போடுகிறவரின் நம்பரை வாங்கினேன். 'ஹாரன் அடிக்காதீங்கண்ணே. பெல்லும் அடிக்க வேணாம். சத்தம் இல்லாம கொல்லைப் பக்கம் வெச்சிட்டுப் போங்க' என்று போனில் கிசுகிசுத்தேன். அப்போதும் என் கணவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை மொபெட் வந்தது. ஐஸ்காரர் வாசல் அட்டையைப் பார்த்தார். மூடிய ஜன்னல்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஐஸைக் கொல்லையில் இறக்கினார்.

"ஒண்ணு போதுமாம்மா? இந்த வெயிலுக்கு நாளைக் காலை வரிக்கும் தாங்காதே."

சாயம் போடுவதைப் பற்றி இவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். "போதும்ணே" என்றேன். போகும்போது வீட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

தெரு முனையிலிருந்து எங்கள் வாசல் வரை தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்த ஈரக்கோடு ஒன்று கிடந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

கொல்லையில் வேலையைத் தொடங்கினேன். சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் துணியை ஊறவைத்துப் பிழிந்தாயிற்று. பெரிய டப்புக்குள் ஓட்டைக் கூடை. கூடைக்குள் துணி. கையில் கிளவுஸ், முகத்தில் மாஸ்க். யாழினியைச் சமையலறைக்குள் உட்காரவைத்து, கொல்லைக் கதவுக்குக் குறுக்கே ஸ்டூலைப் போட்டுத் தடுத்தேன். எல்லாம் யோசித்துச் செய்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

ஐஸ் பாரை உடைக்க வேண்டும்.

சத்தம் இல்லாமல் எப்படி உடைப்பது? சப்பாத்திக் கட்டையைத் துண்டில் சுற்றி, குழந்தையின் முதுகைத் தட்டுகிற மாதிரித் தட்டிப் பார்த்தேன். ஐஸ் பார் அதைச் சட்டை செய்யவே இல்லை. சொம்பில் வெந்நீர் எடுத்து நடுவில் கோடாக ஊற்றினேன். ஒரு வாய்க்கால் விழுந்ததோடு சரி. கண் முன்னால் அது பாட்டுக்கு உருகிச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அவர். இங்கே நான். உதவிக்குக் கூப்பிட ஒரு பெயர்கூட என் வாயில் வரவில்லை. உட்கார்ந்து அழுதுவிட்டேன். எம்.எஸ்சி. படித்தவள், ஒரு ஐஸ் பாருக்கு முன்னால் உட்கார்ந்து, அதுவும் சத்தம் வராமல்.

"ம்மா... ஆளு" என்றாள் யாழினி.

வாசல் பக்கம் கை காட்டினாள். முன் ஜன்னல் திரையில் நிழல்கள். ஒன்று, இரண்டு, ஐந்து... எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

எங்கள் வரிசை முழுவதும் வாசலில் நின்றது.

கேட்டுக்கு வெளியே செருப்புகள். யாரோ அதற்குள் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டிருந்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். என் கோலத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அழுது சிவந்த கண், கழுத்தில் தொங்கும் மாஸ்க், கிளவுஸ் போட்ட கை. எதிர்வீட்டு மெகராஜ் அக்கா — ஒரு வருஷமாகச் சிரித்த சிரிப்பையும் அந்தப் பிறந்தநாள் அழைப்பையும் தவிர எனக்கும் அவருக்கும் ஒரு வார்த்தைகூடக் கிடையாது — விறுவிறுவென்று வந்து கையிலிருந்த பிளாஸ்கை ஜன்னல் திட்டில் வைத்தார். பின்னாலேயே வந்து நின்ற யாழினியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"பாப்பா எங்கிட்ட இருக்கட்டும். நீ மொதல்ல ஒரு வாய் காப்பி குடி. காலையிலேர்ந்து ஒண்ணும் குடிச்சிருக்க மாட்ட."

உண்மைதான், குடித்திருக்கவில்லை. ஆனால் இவருக்கு எப்படித் தெரியும்?

மைன்ஸில் ஏதோ ஆகிவிட்டது. மைன்ஸ் வீட்டுப் பெண்களுக்கு முதலில் தோன்றுவது அதுதான். அடுத்த நொடி — அவர்தான் உள்ளே தூங்குகிறாரே? அதற்கும் அடுத்த நொடி — தூங்குகிறாரா? இத்தனை பேர் வந்து நிற்கிறார்களே... எனக்குத் தெரியாதது ஏதோ இவர்களுக்குத் தெரிந்திருக்கிறதோ?

ஓடினேன். ஒரு வருஷமாகக் கட்டிக்காத்த சட்டத்தை எல்லாம் உடைத்துக்கொண்டு, கதவைப் படாரென்று திறந்து, லைட்டைப் போட்டு, அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்ன... பஸ் வந்துடுச்சா?" என்றார்.

கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலைமுடி குத்திட்டு நிற்க, கண்ணைக் கசக்கியபடி அவர் வாசலுக்கு வந்தபோது முன்னால் நின்ற இரண்டு பேர் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். முதலில் வாயைத் திறந்தது தனம் அக்கா. எங்கள் பிளாக்கில் கான்ட்ராக்டில் தெருக் கூட்டுகிறவர். வளையமாதேவிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கையில் துடைப்பம் அப்படியே இருந்தது.

"இன்னாங்க இது. சாரு நல்லாத்தான இருக்காரு."

"நான் ஏன் நல்லா இல்லாம?" என்றார் இவர். தூக்கம் இன்னும் கலையவில்லை.

"அப்போ யாருக்குத்தான் ஐஸு?" என்றார் தனம் அக்கா. "நான் அங்க கூட்டிக்கினு இருந்தேன். ஐஸு பாரு போவுது. எங்க போவுதுன்னு பாத்துகினே இருந்தா உங்க வூட்டாண்ட நிக்குது. ஐஸ்காரரு கும்பிட்டுகினு போறாரு. ஜன்னலு சாத்தியிருக்குது. எனக்குக் கையி காலு ஓடல. நேரா மெகராஜ் அக்கா வூட்டுக்குத்தான் ஓடினேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் மீன் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் போகிற ஐஸ் பார், ஒரு குடித்தனக்காரர் வீட்டு வாசலில் இறங்குகிறது என்றால், அதற்கு ஒரே ஒரு காரணம்தானே உண்டு? குளிர் நாட்டுப் பெண்ணுக்குப் பனி வாசலிலேயே கிடக்கிறது. அவளை யாரும் துக்கம் விசாரிக்க வரப்போவதில்லை.

"நான் உன் மாமியாருன்னு நெனச்சேன். போன மாசம் வந்திருந்தாங்கல்ல" என்றார் மெகராஜ் அக்கா.

என் மாமியார் அப்போது சேலத்தில் சௌக்கியமாக சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். தயவுசெய்து அவரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

"ஐயையோ, நான் செக்‌ஷன்ல சொல்லிட்டேனே" என்று நான்காம் வீட்டு சார் போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினார். அன்று இரவு ஷிப்ட் பஸ்ஸில் ஏறிய என் கணவரைப் பார்த்து இரண்டு பேர் எழுந்து நின்றார்களாம்.

நான் விஷயத்தைச் சொன்னேன். சாயம், ஐஸ், வெள்ளைத் துணி, ஞாயிற்றுக்கிழமைப் பிறந்தநாள். சொல்லச் சொல்ல ஒவ்வொருவராகச் சிரிக்கத் தொடங்கினார்கள். நானும்தான். சிரிப்போடு சிரிப்பாக, இவ்வளவு நாள் மனதில் கிடந்தது வாயில் வந்துவிட்டது.

"ஒரு வருஷமா ஒருத்தரும் எங்க வீட்டுக்கு வந்ததில்ல. இன்னிக்கு எல்லாரும் வந்திருக்கீங்க."

சிரிப்பு நின்றது. மெகராஜ் அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"எப்பிடிம்மா வர்றது? நீதான் போர்டு தொங்க விட்டிருக்கியே."

"அது நைட் ஷிப்டுக்குங்க அக்கா."

"என்னிக்குத்தான் அது தொங்கல?"



மூன்று வாரத்துக்கு ஒரு வாரம்தான் நைட் ஷிப்ட். ஆனால் காலை ஷிப்ட் வாரத்தில் மத்தியானம் வந்து ஒரு மணி நேரம் கண் அசருவார். மத்தியான ஷிப்ட் வாரத்தில் காலையில் நேரம் கழித்து எழுந்திருப்பார். நடுவில் யாழினி தூங்குவாள். எடுத்து எடுத்து மாட்டுவானேன் என்று நான் அந்த அட்டையைக் கழற்றியதே இல்லை. அந்த வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். விழித்திருந்தவள் நான் ஒருத்தி. என்னைப் பற்றி அந்த அட்டையில் ஒன்றும் எழுதவில்லை.

"நோன்புல கஞ்சி எடுத்துகினு ரெண்டு தடவ வந்தேன்" என்றார் மெகராஜ் அக்கா. "போர்டு தொங்கிச்சு. சேத்தியாத்தோப்புல எங்க அம்மா வூடுன்னா சத்தம் போட்டுக் கூப்பிடலாம். இங்க ஷிப்ட் வூட்ல அப்பிடிக் கூப்பிடலாமா? திரும்பிப் போயிட்டேன். பாப்பா பர்த்டேக்கும் வந்தேன்ம்மா. நானு, ஏழாம் நம்பரு, எட்டாம் நம்பரு, எல்லாந்தான் வந்தோம். போர்டு தொங்கிச்சு. வூட்ல ஒரு சத்தமும் இல்ல. அவருக்கு டபுள் ஷிப்ட் போட்டுட்டாங்க போல, பர்த்டே வெச்சுக்கலன்னு நெனச்சுகினு..."

ஒன்றரைக் கிலோ கேக். நாற்பது சமோசா. கதவுக்கு உள்ளே நான், கதவுக்கு வெளியே அவர்கள். நடுவில் என் அழகான கையெழுத்து.

மெகராஜ் அக்கா வீட்டுக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தார். கிஃப்ட் பேப்பர் கொஞ்சம் வெளுத்திருந்தது. 'யாழினிக்கு' என்று எழுதியிருந்தது. பிரித்தேன். வெள்ளைக் காட்டனில் ஒரு ஃபிராக். இரண்டு வயதுக் குழந்தைக்கு. கழுத்தைச் சுற்றி மெகராஜ் அக்கா கையாலேயே போட்ட தையல் பூ. யாழினி மேல் வைத்துப் பார்த்தோம். இடுப்புக்கு மேலேயே நின்றுவிட்டது.

"சின்னதாப் போச்சு" என்றார்.

ஒரு வருஷம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஏறக்குறைய ஒரு சாண்.

எவ்வளவு நேரம்தான் நிற்பது? "ஐஸு உருகிகினு கெடக்குது" என்று தனம் அக்கா நினைவுபடுத்தினார். எல்லோரும் கொல்லைக்குப் போனோம். தனம் அக்கா சாக்கை மேலே போட்டு, துணி துவைக்கிற கட்டையை ஓங்கி ஒரு போடு போட்டார் பாருங்கள்... இந்த வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. யாழினி உதட்டுக்கு விரலைக் கொண்டுபோனாள். யாரும் நிறுத்தவில்லை. அடுத்த போடுக்கு விரலை எடுத்துவிட்டுக் கை தட்டினாள்.

இவர் காப்பி டம்ளரோடு கதவில் சாய்ந்து நின்று பார்த்தார். "போய்ப் படுங்களேன்" என்றேன். "தூக்கம் போச்சு. பரவால்ல, இது நல்லா இருக்கு" என்றார்.

துணியின் மேல் ஐஸைக் குவித்தோம். ஃபிராக்கையும் சோடாத் தண்ணீரில் நனைத்து ஒரு ஓரத்தில் வைத்தேன். மெகராஜ் அக்காவைக் கேட்டுத்தான். பெண்கள் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, மாஸ்கை ஏற்றிக்கொண்டு, பொடியைத் தூவினேன். கொஞ்ச நேரத்தில் ஐஸுக்குள் நீலம் வேர்விட்டு இறங்கத் தொடங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். யாருக்கும் சமையல் நினைவு இல்லை.

மறுநாள் காலை, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் அலசினேன். அலச அலச நீல நீலமாகப் போய், கடைசியில் தண்ணீர் தெளிந்தது. விரித்தேன். வெறும் பழுப்பு என்று அண்ணன் அனுப்பிய பொடி, துணியில் ரோஜா நிறமாகவும் பச்சையாகவும் ஊதாவாகவும் பிரிந்து கிடந்தது. படிப்பு இதற்குக் காரணம் சொல்லும் — கலந்து செய்த பொடி; மெதுவாகக் கரையும்போது ஒவ்வொரு நிறமும் தன் நேரத்துக்கு இறங்குகிறது. அவசரமாகக் கொதிநீரில் போட்டிருந்தால் பழுப்பாகவே இருந்திருக்கும்.

நிறங்கள் மட்டுமா? மனிதர்களும் அப்படித்தான் என்று எழுதலாம். எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். விட்டுவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுருக்குப் பைகளில் ஏழுதான் தைத்து முடிக்க முடிந்தது. கேக் எவ்வளவு சொல்லலாம் என்று பத்துத் தடவை யோசித்து, ஒரு கிலோ போதும் என்று முடிவு செய்தேன். நாலரை மணிக்கே அட்டையைக் கழற்றி உள்ளே வைத்தேன். நாலே முக்காலுக்குக் கழற்றிவிட்டேனா என்று போய்ப் பார்த்தேன். பெல் அடிக்கிறதா என்று நானே ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். பதிமூன்று மாதமாக அடிக்காத பெல் அது. குருவி மாதிரி கத்தியது.

வந்தார்கள். ஒன்பது குழந்தைகள், ஆறு பெரியவர்கள். சமோசா பற்றவில்லை. நான்காம் வீட்டு சார் இவரைக் கட்டிப்பிடித்து 'நீங்க நூறு வருஷம் இருப்பீங்க' என்றார். தனம் அக்காவுக்கு ஞாயிறு லீவு. ஆனாலும் பஸ் ஏறி வந்து, ஒரு கை முறுக்கும் ஒரு கை பூவுமாக நின்றார். யாழினி புதுக் கவுனைப் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்தச் சின்ன ஃபிராக்கைத் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு, வீடு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினாள். மெகராஜ் அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு மணிக்கு எல்லோரும் போய்விட்டார்கள். அவரவருக்கு மறுநாள் ஷிப்ட்.

இதோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் உங்களிடம் பொய் சொல்வானேன்?

அதன் பிறகு பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. சாவு என்றால் வேலையை எல்லாம் போட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள்தான் நாம். பிறந்தநாள் என்றால் வருவோம். சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு வர, நமக்கு இன்னும் காரணம் வேண்டியிருக்கிறது. எனக்கும்தான். மெகராஜ் அக்கா வீட்டுக்கு நான் இரண்டு தடவை போனேன். மூன்றாவது தடவை வாசல் வரை போய், தொந்தரவோ என்று திரும்பிவிட்டேன். அம்மா வீட்டுக்குப் போகிற முடிவை மட்டும் எடுத்துத் தள்ளி வைத்திருக்கிறேன். தூக்கிப் போடவில்லை. தள்ளி வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் மறுபடி நைட் ஷிப்ட். திங்கட்கிழமை காலை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மாட்டாவிட்டால் அவர் தூக்கம். மாட்டினால்...? கடைசியில் ஸ்கெட்ச் பேனாவைத் தேடி எடுத்து, கீழே இருந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தேன். இடம் போதாமல் எழுத்து கோணலாகத்தான் வந்தது.

'நைட் ஷிப்ட். தூங்குகிறார். பெல் அடிக்க வேண்டாம். நான் கொல்லைப் பக்கம் இருக்கிறேன், வாருங்கள்.'

திங்கள் யாரும் வரவில்லை. செவ்வாய் ஒரு பூனை வந்தது. இன்று புதன். கொல்லைக் கதவைச் சாத்தாமல், அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

இப்போது வாசல் கேட்டின் தாழ்ப்பாள் ஆடுகிற சத்தம்... காற்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிடுகிறேன்.